வெயிலில் மட்டும் நடக்காத கால்கள்

முதலில் சிவப்பு போனது.

எங்கள் ஊர் புது மாவட்டத்தின் தலைநகராகி, அலுவலகங்களெல்லாம் பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டிருந்த வருடம் அது. கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி, யாரோ உள்ளிருந்து வெளியே தள்ளுவது போல. கையால் பொத்திக்கொண்டேன். சிவப்பு மை சிவப்பாகத்தான் இருந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். அதே மை, பலமுறை துவைத்த ரவிக்கையின் சாயம் போல வெளிறி, பழைய செங்கல் நிறத்தில் கிடந்தது. மாற்றினேன், சிவப்பு. மாற்றினேன், செங்கல்.

அன்றிலிருந்து நான் பொருட்களை நம்புவதை நிறுத்தினேன். தக்காளியை ஒரு கண்ணால் பார்ப்பேன், பிறகு மறு கண்ணால். குங்குமம், மிளகாய்த் தூள், கோயில் மதிலின் காவிப் பட்டை, முன்னால் போகும் பேருந்தின் பின்விளக்கு எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்தேன். எல்லாமே இடது கண்ணிடம் ஒரு பொய்யும் வலது கண்ணிடம் ஒரு உண்மையும் சொல்லின. எது பொய் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"கடைத்தெருவுல ஒத்தக் கண்ண மூடிக்கினு நிக்கிறா உன் பொண்டாட்டி. பாக்கறவன் இன்னா நெனைப்பான்?" என்றார் என் மாமியார், மகனிடம். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் ஒன்றுமில்லை, கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் சிவப்பு திரும்பி வந்தது, முழுதாக இல்லை. போன இடத்தில் எதையோ விட்டுவிட்டு வந்தது போல. அந்தக் கார்த்திகையில் மாடியில் நின்று மலை உச்சித் தீபத்தை இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். சாம்பல் பூத்த ஒரு புள்ளி. சுற்றிலும் மாடிக்கு மாடி ஜனங்கள் கை கூப்பி நிற்கிறார்கள். தீபத்துக்கு நிறம் கம்மி என்று இந்த ஊரில் யாரிடம் சொல்வது? வலது கண்ணையும் திறந்துகொண்டு நானும் கும்பிட்டேன்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் உடம்பு சும்மா இருந்தது. சும்மா இருந்ததுதான் எனக்குப் பயம். பூனை போல மடியில் படுத்துக்கொண்டு, எப்போது நகம் நீட்டும் என்று சொல்லாமல் இருந்தது.

நீட்டியது கழுத்தில். கோயிலில் சந்நிதி முன்னால் தலை குனிந்தேன். பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் குதிகால் வரைக்கும் சுளீர் என்று ஒரு மின்சாரம் இறங்கியது. தலையை நிமிர்த்தினால் நின்றுவிட்டது. மறுபடி குனிந்தேன், மறுபடி இறங்கியது. அத்தை பக்கத்தில்தான் இருந்தார். வெளியே வந்ததும் சொன்னேன்.

"இன்னாம்மா சொல்ற? சாமிகிட்ட குனியும்போதா?" அத்தையின் கண் அகலமாகியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிது. அப்புறம் சாமி வந்து குறி சொல்லிச்சு."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பள்ளிக்கூடத்துல நோட்டு திருத்தக் குனிஞ்சாலும் வருது அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

"நோட்டுக்குமா?"

"ஆமா. பாத்திரம் கழுவக் குனிஞ்சாக்கூட."

கையை விட்டுவிட்டார். "அப்போ சாமி இல்ல. சாமி பாத்திரத்துக்கெல்லாம் வராது."

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அவரிடம் சொன்னபோது சாப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கரண்ட்டுனு சொல்லாத. கரண்ட்டு அடிச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, "அதிகமாப் படிக்கிற. அதான்" என்றார்.

அதற்கடுத்த கோடையில் கால்கள் தொடங்கின. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலையில் பிரார்த்தனைக்கு நிற்கும்போது நான் எல்லோரையும் போல நிற்பேன். வெயில் ஏறி, கூரை டிக் டிக் என்று விரிகிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் என் கால்களுக்குள் யாரோ ஈர மணலை அள்ளிப் போடுவார்கள். முழங்கால் வரை நிரம்பும், பிறகு தொடை. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவேன். பார்வையும் மங்கும். மதியம் நாற்காலியில் இருந்து எழுந்தால் வலது கால் எனக்குப் பின்னால் வேறு யாருடைய காலோ போல இழுத்துக்கொண்டு வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரை நாலு சொம்பு ஊற்றிக்கொண்டால் மணல் கரைந்துவிடும். எழுந்து கோலமாவு டப்பாவைத் தேடுவேன். விறுவிறுவென்று நடப்பேன்.

ஒரு வீட்டில் ஒருத்தி காலையில் ஆடுகிறாள், மதியம் விழுகிறாள், சாயங்காலம் ஓடுகிறாள் என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? நானே வேறொருத்தியாக இருந்து என்னைப் பார்த்திருந்தால் அதையேதான் நினைத்திருப்பேன்.

"நேரம் பாத்து வருதே இந்த வியாதி" என்றார் அத்தை. "லீவு நாள்ல மதியம் சாப்பாட்டுப் பாத்திரம் விழுந்தவுடனே வருது. நாலு மணிக்கு டீ போட்டா போயிடுது."

ஆனால் அவர் வைத்தியம் பார்க்காமல் இருக்கவில்லை. வாதம் என்று முடிவு செய்தார். வாதத்துக்கு நொச்சி. நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து காலுக்கு ஒத்தடம் கொடுப்பார். வெள்ளிக்கிழமை என்றால் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, செப்பு அண்டாவில் ஆவி பறக்கும் வெந்நீர். நான் குளித்து முடித்ததும் குளியலறைத் தரையிலிருந்து எழ முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார்.

"இன்னும் இன்னா பண்ற?"

"எழுந்திருக்க முடியல அத்தை."

"ஒத்தடம் குடுக்கறேன், எண்ணெய் தேய்க்கறேன். ஊர் பூரா இதுல நடந்துட்டாங்க. உனக்கு மட்டும் வைத்தியம் பண்ணவுடனே ஜாஸ்தியாவுது. எப்படிம்மா அது?"

ஊரில் வாதத்துக்குத் தெரிந்த எல்லா மருந்தும் சூடுதான். அந்தச் சூடே என்னை விழவைத்தது. மருந்து கொடுத்தால் நோய் அதிகமாவது என்றால் நோயாளி நடிக்கிறாள் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் எடுப்பார்கள்? அவர் கெட்டவர் இல்லை. கணக்கு அப்படித்தான் வந்தது.

பிறகு கோயில் கல் வந்தது. அக்னி நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு உச்சி வேளை. அபிஷேகம் முடிந்து வெளிப் பிராகாரத்தைக் கடந்து வருகிறோம். கருங்கல் தளம் தோசைக்கல்லாகக் காய்கிறது. நனைத்த சாக்கு போட்டிருக்கிறார்கள், அதுவும் காய்ந்துவிட்டது. ஜனங்கள் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாமிகள், ஒற்றைக் காலில் நொண்டுகிற மாப்பிள்ளைகள். நான் நடந்தேன். ஓடக் கால் வரவில்லை. மணல் நிரம்பியிருந்தது. அதோடு, கல் சுடவும் இல்லை. சாக்கு எது, கல் எது என்று என் பாதத்துக்குத் தெரியவே இல்லை. தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளைப் போல மெதுவாக, அலுங்காமல், அந்தக் கல்லின் நடுவே நான் போய்க்கொண்டிருந்தேன்.

நிழலில் நின்ற ஒரு வெளியூர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனதும் சடக்கென்று குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எம்மா, உனக்கு அம்மனோட அருள் இருக்குதும்மா. என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வரணும்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

அத்தை உறைந்துபோய் நின்றார். நான் என்ன சொல்வது? "கூடி வரும்" என்றேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை என்னை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். அந்த நடையில் ஒரு மரியாதை இருந்தது. என்னைப் பற்றிப் போட்ட கணக்கை அவர் மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பாதத்தில் கொப்புளங்கள் கிளம்பின. கொட்டைப்பாக்கு அளவில், தண்ணீர் கோத்து.

அத்தை தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை. "தீ மிதிக்கிறவங்களுக்கே கொப்புளம் வராது" என்றார். "சாமி இருந்தா வராது. உனக்கு வந்திருக்குது. அப்போ இன்னாத்துக்கு அங்க அப்படி நடந்த? நாலு பேரு கால்ல விழணும்னா?"

சுட்டிருந்தால் ஓடியிருப்பேன் அத்தை, சுடவில்லை என்றேன். சுடாத கல்லில் கொப்புளம் எப்படி வந்தது என்று கேட்டார். அவ்வளவுதான். கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இரண்டு விதமாகவும் போலியாகிவிட்டேன். நோயும் பொய், அருளும் பொய்.

அந்த ஐப்பசியில் கால்கள் வெயில் இல்லாமலே விழுந்தன. மழை பெய்துகொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரும் உதவவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போனேன். உள்ளூர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிச் சத்து ஊசி போட்டார். மெடிக்கல் லீவ் போட்டேன், நீட்டினேன், மறுபடி நீட்டினேன். மார்கழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் திரும்பியது. தை பிறந்தபோது வீட்டுக்குள் நன்றாகவே நடந்தேன். பள்ளிக்கூடம் வரை போய் ஒரு நாள் முழுக்க நிற்க முடியுமா என்று மட்டும் தெரியவில்லை.

அத்தைதான் வேண்டிக்கொண்டிருந்தார். என்ன சந்தேகம் இருந்தாலும் எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார், அதை நான் ஒருபோதும் மறைக்க மாட்டேன். மருமகளுக்குக் கால் வந்தால் மலை சுற்ற வைக்கிறேன் என்று. "தை பவுர்ணமிக்கு நடந்துடு. நடந்தா முழுசா வந்துடும்." விடியற்காலையில் கிளம்பினோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத பாதங்கள் சில்லென்றிருந்தன. அந்தக் குளிரில் என் உடம்பு எனக்கே கிடைத்தது. ஒவ்வொரு நரம்பும் தன் இடத்தில் இருந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தது. நடந்தேன், நடந்தேன், மலை என்னோடு திரும்பித் திரும்பி வந்தது. அத்தையே மூச்சு வாங்கிப் பின்தங்கிவிட்டார்.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில், கையில் டம்ளரோடு, எங்கள் தலைமையாசிரியர் நின்றிருந்தார். அவர் பவுர்ணமி தவறாதவர். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"டீச்சர்! நல்லா நடக்கறீங்களே" என்றார். மகிழ்ச்சியோடுதான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஏகாரம் வழி முழுக்க என் கூடவே வந்தது.

அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் பேச்சு. ரெண்டாங்கிளாஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து சொன்னாள். "எச்.எம். சார் ஸ்டாஃப் ரூம்ல இன்னா சொன்னார் தெரியுமா? நடக்க முடியலனு லீவு, மலை மட்டும் சுத்த முடியுதுனார். எல்லாம் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

அவள் சிரித்திருப்பாள். தப்பில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. வேலூரில் மெடிக்கல் போர்டு முன்னால் ஆஜராக வேண்டும். நோய் உண்மைதான் என்று அவர்கள் சொன்னால் லீவு சரியாகும். ஒன்றுமில்லை என்று சொன்னால் அத்தனை மாதமும் அனுமதியில்லாமல் வராமல் இருந்ததாக ஆகும், பொய்ச் சான்று கொடுத்ததாக ஆகும், நடவடிக்கை வரும். வேலையே போகலாம் என்றார் தலைமையாசிரியர், ஆறுதல் சொல்கிற குரலில். என் வேலை போனால் அந்த வீட்டில் நான் என்ன? பாத்திரம் விழும் நேரம் பார்த்துப் படுக்கிறவள். அவ்வளவுதான்.

போர்டு பங்குனியில். காலை பத்து மணிக்கு.

காலை பத்து மணி என்பதுதான் என்னைக் கலவரப்படுத்தியது. காலை பத்து மணிக்கு நான் நன்றாக இருப்பேன். உள்ளே மின்விசிறி சுழலும். டாக்டர்கள் நடக்கச் சொல்வார்கள், நடப்பேன். கையைத் தூக்கச் சொல்வார்கள், தூக்குவேன். ஒன்றுமில்லை என்று எழுதுவார்கள். நோயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற நோயாளி நான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நொச்சியும் அண்டாவும் கோயில் கல்லும் அத்தனை நாளாக எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். சூடேறினால் விழும். அப்படியானால் சூடேற்றிக்கொண்டு போவேன்.

வேலூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கொஞ்ச நேரம் வெயில்ல நிக்கணுங்க."

"இன்னாத்துக்கு?"

"கால் விழறதுக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? அத்தனை வருடமாக அவர் மனதில் மூடி வைத்திருந்த ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. "விழறதுக்கா? நீ வெயில்ல நின்னு விழ வைப்பியா?"

"நானா விழல. வெயில்ல நின்னா விழும். அவங்க பாக்கணும் இல்ல?"

"இதுக்குப் பேரு இன்னாமே?"

நான் ஆஸ்பத்திரி மைதானத்தின் நடுவில் போய் நின்றேன். அவர் வேப்பமர நிழலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. புடவை முதுகில் ஒட்டியது. நெற்றிக் குங்குமம் இளகி மூக்கில் இறங்கியது. ஒரு பெரிய சந்தேகம் எனக்கே வந்தது. இப்படித் தயார் செய்து கொண்டுபோகிற ஒன்று நோயா? நாடகக்காரி அரிதாரம் பூசுவது போல நான் வெயிலைப் பூசிக்கொள்கிறேனே. அத்தை கேட்டதும் தலைமையாசிரியர் சிரித்ததும் சரிதானோ? உண்மையை நிரூபிக்க நான் எடுத்துக்கொண்டிருக்கிற வழி, பொய் சொல்கிறவள் எடுக்கிற அதே வழி. நிற்கவேண்டாம் என்று தோன்றியது. நிழலுக்குப் போகத் திரும்பினேன். வலது கால் திரும்பவில்லை. மணல் வந்துவிட்டிருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் பெரியவர், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், ஓரத்தில் வயது குறைந்த ஒரு பெண் டாக்டர். நடக்கச் சொன்னார்கள். மேஜையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, காலை இழுத்து நடந்தேன்.

"கிரிவலம் போனீங்களாமே?" என்றார் கண்ணாடிக்காரர்.

"போனேன் சார்."

"நடந்தா, உருண்டா?"

"நடந்துதான் சார்."

பெரியவர் ஜன்னலைக் காட்டினார். "நான் அங்கேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. கேட்டுல இருந்து நல்லாத்தான நடந்து வந்தீங்க? அப்புறம் நடு மைதானத்துல போய் வெயில்ல நின்னீங்க. எதுக்கு?"

வாசற்படியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் தலை குனிந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மயக்கமாக இருந்தது, வழி தெரியவில்லை, ஏதாவது. நாக்கில் வந்தது உண்மைதான்.

"கால் விழறதுக்கு சார். வெயில்ல நின்னாத்தான் விழும். நிழல்ல நல்லா இருப்பேன். நீங்க நல்லா இருக்கும்போது பாத்துட்டு ஒண்ணுமில்லனு எழுதிடுவீங்கன்னு."

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். "சார், இவங்களே ஒத்துக்கறாங்க" என்றார்.

ஓரத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சுடுதண்ணியில குளிச்சா?"

"எழுந்திருக்க முடியாதுங்க."

"பச்சத்தண்ணி ஊத்திக்கிட்டா?"

"சரியாயிடும்."

"கண்ணு எப்பவாவது மங்கலாச்சா? ஒரு கண்ணு மட்டும்?"

நான் அவளையே பார்த்தேன். யாரிடமும் முழுதாகச் சொல்லாததை யாரோ அவளிடம் சொல்லி வைத்தது போலிருந்தது. அந்த நிமிடம் அவளையும் நான் சந்தேகப்பட்டேன். இது என்ன பொறி?

"கழுத்தக் குனிஞ்சா ஷாக் மாதிரி?"

"பாத்திரம் கழுவினாக்கூட வருதுங்க" என்றேன்.

என்னைப் பெஞ்சில் படுக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி, ஒரு பிள்ளையார் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி முனையால் என் உள்ளங்காலில் குதியிலிருந்து மேல் நோக்கி ஓரமாகக் கீறினாள். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மறுபடி பண்ணுங்க."

மறுபடி கீறினாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் கால் கட்டைவிரல் தானாகவே மேலே எழும்பி நின்றது, மற்ற விரல்கள் விசிறி போல விரிந்தன. நான் எதுவும் செய்யவில்லை. என் கட்டளை இல்லாமல், என் வீட்டுக்காரர் முன்னால், மூன்று டாக்டர்கள் முன்னால், அது தன்பாட்டில் எழுந்தது.

"நமக்கெல்லாம் கீழதான் மடங்கும்" என்று அவள் என்னிடம் சொன்னாள். "உங்களுக்கு மேல போகுது. இத யாராலயும் நடிக்க முடியாது."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

சென்னைக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து, சம்மட்டி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் என் மூளையைப் படம் பிடித்தார்கள். நரம்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள், சுண்ணாம்பு தெறித்த தரை போல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னார். நம் ஊரில் அவ்வளவாகக் கண்டுபிடிப்பதில்லை, அதனால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம் என்றார். என் வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டுவிட்டு அவரிடமே விளக்கினார்.

"ஒயர் மேல உறை இருக்குதில்ல? நரம்புக்கும் அதே மாதிரி ஒரு உறை. உடம்புல இருக்கற காவல்காரனே எதிரின்னு நெனச்சு அத அரிச்சுடறான். கம்பி இருக்கு, ஆனா செய்தி ஒழுங்காப் போகாது. சூடு ஏறினா இன்னும் தடுமாறும். ஆறினா மறுபடி ஓடும்."

என் உடம்பே என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறது. மற்றவர்களைச் சொல்லி என்ன.

திரும்பி வரும் பேருந்தில் திண்டிவனம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இப்படி ஃபால்ட்டு வரும். ஒரு வீட்டுக்காரம்மா டெய்லி வந்து கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க, லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுதுனு. நாங்க போய்க் கம்பத்துல ஏறினா நல்லா எரியும். இறங்கினா அணையும். அவங்களத்தான் திட்டிட்டு வருவோம். வேலையத்த பொம்பளனு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? மறுபடி வருவாங்க."

என் பக்க ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்தார்.

வீட்டில் அத்தைக்கு ஸ்கேன் படம் ஒன்றும் புரியவில்லை. வெள்ளைத் திட்டு யாருக்குத்தான் இருக்காது என்றார். சாவிக் கதை மட்டும் அவரை உறுத்தியது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, முதலில் மகனைப் படுக்கச் சொல்லி உள்ளங்காலில் கீறினார். விரல் கீழே மடங்கியது, என் வீட்டுக்காரர் கூசிப்போய்க் கத்தினார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கீறினார், மடங்கியது. தன் காலை நீட்டி என்னைக் கீறச் சொன்னார், மடங்கியது. கடைசியில் என்னைப் படுக்கவைத்தார். மேலே எழுந்தது. மறுபடி கீறினார். எழுந்தது. அடுத்த காலை எடுத்தார். அதுவும் எழுந்தது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்டாவ எடுத்துப் பரண்மேல போடுறா" என்றார் மகனிடம். என்னைப் பார்க்கவில்லை.

லீவு சரியானது. ஆடியில் மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வாசல் பக்கம் காற்று வரும் வகுப்பைக் கொடுத்தார்கள், ஒரு நாற்காலி, பானைத் தண்ணீர். தலைமையாசிரியர் எல்லோரிடமும் தானே கண்டுபிடித்தது போல விளக்கினார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. என்னை நம்பியவர்கள் என் நோயை ஒரு பொருள் போலக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எப்போதும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வெயில் நாளில் நான் இழுத்து நடந்தால் "பாவம்" என்றார்கள். மழை நாளில் நான் நிமிர்ந்து நடந்தால் பேச்சு நின்றுவிடும். கண்கள் என் முழங்காலுக்கு இறங்கும். கொடுத்த இரக்கத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசிக்கிற கண்கள்.

இப்போது இத்தனை வருடம் கழித்து என் கையில் ஒரு கம்பு இருக்கிறது. இடது கண் மறுபடி இரண்டு தடவை போய் வந்துவிட்டது. கம்பு இருப்பதால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கம்பு வருவதற்கு முந்தைய காலம்தான் கடினமாக இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு மார்கழிக் காலை. நல்ல குளிர். பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறேன். உடம்பு லேசாக இருக்கிறது. பையை வீசி நடக்கிறேன். எதிரே தலைமையாசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், கூட ரெண்டாங்கிளாஸ் டீச்சர். என்னைப் பார்த்துவிட்டார்கள். அதே கணம், என் வலது கால் தரையில் சரக்கென்று உரசியது.

நின்றுவிட்டேன். வெயில் இல்லை, களைப்பு இல்லை, மணல் இல்லை. யார் இழுத்தது? காலா, நானா? அவர்கள் நெருங்க நெருங்க எனக்கு வியர்த்தது. இதுதான் முதல் தடவையா, இல்லை முன்பும் இப்படி இழுத்திருக்கிறேனா? மழை நாட்களில், அந்தக் கண்களின் முன்னால், எனக்கே தெரியாமல் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தேனா? எந்தச் சாவியாலும் இதைக் கீறிப் பார்க்க முடியாது.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். காலை எடுத்து வைத்தேன். எழும்பி, முழுதாக, சுத்தமாகத் தரையில் பதிந்தது. அடுத்ததும். அவர்களைத் தாண்டும் வரைக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

"இன்னா டீச்சர், இன்னைக்கு நல்லா நடக்கறீங்களே" என்றார் தலைமையாசிரியர்.

"ஆமா சார்" என்றேன். "வெயில் ஏறட்டும், வந்து பாருங்க."

ரெண்டாங்கிளாஸ் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். நான் அதே நடையில் போய் வகுப்புக் கதவைத் திறந்தேன்.